ஆலைகளுக்கு அப்பால் ஆரவல்லி

நேயர்களே, சென்னையிலிருந்து தலைநகருக்கு வரும் ரெயிலின் கடைசி ஒரு மணி நேரத்தைச் சற்றே நினைவுகூருங்கள். மதுரா பின்னே போய்விட்டது. படுக்கைகளைச் சுருட்டுகிறோம், குழந்தைகளை எழுப்பித் தலை வாரிவிடுகிறோம், ஊறுகாய் ஜாடி உடையாமல் வந்து சேர்ந்ததா என்று பார்க்கிறோம். பல்வல், பல்லப்கர், பரீதாபாத் என்ற பெயர்ப் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி மறைகின்றன. வெளியே பார்த்தால் ஆலைச் சுவர்கள், தகரக் கொட்டகைகள், சரக்கு வண்டிகள், கரிய நீர் தேங்கிய பள்ளங்கள். "இனி என்ன இருக்கிறது, ஊர் வந்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டு சாளரத்தின் திரையை இழுத்துவிடுகிறோம்.

சரோஜினி நகரில் முப்பது ஆண்டுகள் குடியிருந்தவர்களும் இந்நிலப்பகுதியை இவ்வளவுதான் அறிந்திருக்கிறார்கள். விடுமுறை வந்தால் ஹரித்துவாரம் செல்கிறோம், ஆக்ராவுக்குச் செல்கிறோம், சிம்லாவுக்குச் சீட்டுப் பதிவு செய்கிறோம். வீட்டுவாசலிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள குன்றுகளையும், குளங்களையும், பழைய நெடுஞ்சாலைகளையும் பார்த்தவர் நம்முள் மிகச் சிலரே. தொழிற்சாலைகள் நிறைந்த இடத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கும் என்ற எண்ணமே அதற்குக் காரணம். தில்லிக்குத் தெற்கே, ஹரியானா மாநிலத்தின் பரீதாபாத், குருகிராம், நூஹ், பல்வல் ஆகிய நான்கு மாவட்டங்களின் ஊடே செல்லும் மூன்று சாலைகளை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன். அவற்றைக் காண வேண்டியதற்கு அழகு ஒரு காரணம். அவ்வழகு நீண்ட காலம் நிலைக்குமா என்ற ஐயம் மற்றொரு காரணம்.

முதலில் நிலத்தின் அமைப்பைப் புரிந்துகொள்வோம். இதற்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சரோஜினி நகரிலிருந்து நான்கைந்து கிலோமீட்டரில், ராமகிருஷ்ணபுரத்தில், நம் மலை மந்திர் உள்ளது. சுவாமிநாத சுவாமிக்கு 1973-ஆம் ஆண்டு அங்கே குடமுழுக்கு நடந்தது. குன்றுதோறாடும் குமரனுக்குத் தலைநகரில் ஒரு குன்று கிடைத்ததே என்று நாம் மகிழ்கிறோம். அந்தக் குன்று எதனுடையது என்று எண்ணியதுண்டா? அது ஆரவல்லி மலைத்தொடரின் ஒரு துண்டு. குஜராத்தில் தொடங்கி, ராஜஸ்தானத்தை ஊடறுத்து, ஹரியானாவின் தென்பகுதி வழியாகச் சுமார் 700 கிலோமீட்டர் நீண்டு, தில்லிப் பல்கலைக்கழகத்தின் அருகிலுள்ள வடக்கு முகட்டில் அம்மலைத்தொடர் முடிகிறது. உலகின் மிகப் பழைய மடிப்பு மலைகளுள் ஒன்று அது. இமயம் அதன் முன்னே ஒரு குழந்தை. ஆபு மலையில் 1,700 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அத்தொடர், கோடிக்கணக்கான ஆண்டு மழையிலும் காற்றிலும் தேய்ந்து, தில்லிக்கு வரும்போது ஒரு வீட்டின் உயரமே உள்ள பாறை மேடாகத் தாழ்ந்துவிடுகிறது. தாழ்ந்ததனால் அதனை மலையென்றே நாம் எண்ணுவதில்லை.

இந்தப் பாறை குவார்ட்சைட் என்னும் கடினமான கல்வகை. அதில் வெடிப்புகள் மிகுதி. பெய்யும் மழை வெடிப்புகளின் வழியே இறங்கி நிலத்தடியில் சேர்கிறது. ஆகவே மேலே வறண்டு தோன்றும் இக்குன்றுகளே சுற்றியுள்ள ஊர்களின் கிணறுகளுக்குத் தாய்மடி. கிழக்கே யமுனை, மேற்கே ஆரவல்லி, இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய சமவெளி. அரசர்களின் நெடுஞ்சாலையும், பின்னர் ரெயில் பாதையும், இன்றைய ஆலைகளும் அந்த இடைவெளியில்தான் அமைந்தன. ரெயிலிலிருந்து நாம் காண்பது அச்சமவெளியை மட்டுமே. மலை ஒருபுறமும் ஆறு மறுபுறமும் ஆலைகளுக்குப் பின்னே மறைந்து நிற்கின்றன.

நமக்கு இது புதிய செய்தியும் அன்று. பஞ்சாலைகள் நிறைந்த கோயம்புத்தூருக்குப் பின்னே வெள்ளியங்கிரி நிற்பதை நாம் அறிவோம். சென்னைக்கு அருகே பல்லாவரத்தைத் தோல் பதனிடும் ஊர், கல்லுடைக்கும் ஊர் என்றே பலரும் அறிந்திருந்தனர். அங்கேதான் 1863-ஆம் ஆண்டு ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நில ஆய்வாளர் பழைய கற்கால மனிதனின் கருவி ஒன்றைக் கண்டெடுத்து, இந்நாட்டின் வரலாற்றையே பின்னோக்கி நீட்டினார். புகையும் புழுதியும் உள்ள இடத்தில் பழமை இராது என்று எண்ணுவது தவறு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இனி, முதற் சாலைக்கு வருவோம். விநாயகர் கோயிலில் ஒரு தேங்காயை உடைத்துவிட்டு, அரவிந்தர் சாலை வழியாகக் குதுப் மினார் சென்று, அங்கிருந்து மெஹ்ரௌலி–பதர்பூர் சாலையில் கிழக்கே திரும்ப வேண்டும். சிறிது தூரத்தில் துக்ளகாபாத் கோட்டை தோன்றும். 1321-ஆம் ஆண்டு முதல் நான்கே ஆண்டுகளில் கியாசுதீன் துக்ளக் கட்டிய கோட்டை அது. சாய்ந்த சுவர்களும் பெரும் கற்களும் ஆரவல்லிப் பாறையிலிருந்தே எழுந்தவை. கோட்டைச் சுவரின்மேல் நின்று தெற்கே நோக்கினால் பச்சைக் காடு தெரியும். கிழக்கே நோக்கினால் நகரத்தின் புகை தெரியும். இன்றைய பயணத்தின் முழுப்பொருளும் அந்த ஓரிடத்தில் விளங்கிவிடும்.

அங்கிருந்து பதர்பூர் வழியாக மதுரா சாலையில் சேர்ந்தால் பரீதாபாத். ஜகாங்கீர் அரசரின் கருவூல அதிகாரியான ஷேக் ஃபரீத் என்பவர் 1607-ஆம் ஆண்டு நெடுஞ்சாலையைக் காக்க நிறுவிய ஊர் இது என்பர். ஆயினும் நாம் காணும் ஆலை நகரத்தின் கதை 1949-க்குப் பின்னர் தொடங்குவது. பிரிவினையின்போது வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தின் பன்னு, தேரா இஸ்மாயில்கான் முதலிய ஊர்களிலிருந்து உடைமையனைத்தையும் இழந்து வந்த அகதிகள் இங்கே குடியமர்த்தப்பட்டனர். ராஜேந்திர பிரசாத்தின் தலைமையில் பரீதாபாத் வளர்ச்சி வாரியம் அமைந்தது. கமலாதேவி சட்டோபாத்யாயாவின் இந்தியக் கூட்டுறவு ஒன்றியம் பணியில் இறங்கியது. அகதிகள் பிச்சையை விரும்பவில்லை; வேலையை விரும்பினார்கள். தாங்கள் குடியிருக்கப்போகும் வீடுகளைத் தாங்களே கூட்டுறவு முறையில் கட்டினார்கள். மருத்துவமனை ஒன்றைக் கட்டி, எல்லைக்கு அப்பால் தங்கிவிட்ட தம் தலைவர் பாத்ஷா கானின் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

புதிய தொழில் நகரம் எனப் பொருள்படும் ஆங்கில எழுத்துகளால் 'என்.ஐ.டி.' என்று இன்றும் வழங்கும் அந்தப் பகுதியின் தெருக்களில் மெதுவாகச் சென்று பாருங்கள். டிராக்டர்களும் மோட்டார் சைக்கிள்களும் பின்னாளில் இங்கே உருவாயின என்பதை யாவரும் அறிவர். அதற்கு முன்னே, ஊரிழந்தோர் ஓர் ஊரை உருவாக்கிய இடம் இது என்பதைச் சிலரே அறிவர். பிழைப்பைத் தேடி வந்து, பின்னர் பள்ளியும் கோயிலும் சங்கமும் அமைத்துக்கொண்ட நமக்கு அக்கதையின் அருமை சொல்லாமலே விளங்கும்.

அதே பரீதாபாத்தில் முஜேசர் என்னுமிடத்தில், ஆலைகளுக்கு நடுவே, செங்கல்லாலான ஒரு பருத்த தூண் நிற்கிறது. அது முகலாயர் காலத்துக் கோஸ் மினார். ஒரு கோஸ் என்பது ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். ஆக்ராவிலிருந்து தில்லி வழியாக லாகூர் வரை செல்லும் அரச பாதையில் கோஸுக்கு ஒன்றாக இத்தூண்களை நாட்டினார்கள். அஞ்சலோட்டக்காரர்களும் வணிகர்களும் யானைப் படைகளும் அவற்றைக் கண்டே தூரத்தைக் கணக்கிட்டனர். பல்வலிலும் ஹோடலிலும் இத்தகைய தூண்கள் இன்னும் உள்ளன. நம் ஊரில் மைல்கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமமிட்டுக் கும்பிடுவோர் உண்டு என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். இங்கே அரசன் நாட்டிய மைல்கல் ஆலையின் சங்கொலி கேட்டபடி நிற்கிறது. வணங்குவாரும் இல்லை, வரலாறு சொல்வாரும் இல்லை.

சற்றுத் தெற்கே சீஹி என்ற கிராமம் நகரத்தோடு ஒன்றிவிட்டது. கண்ணன்மீது கசிந்துருகிப் பாடிய கவிஞர் சூர்தாசர் பிறந்த ஊர் இதுவே என்பது மரபு. அவர் பெயர் இன்று ஒரு மெட்ரோ நிலையத்துக்கு வழங்குகிறது. அடுத்தது பல்லப்கர். இவ்வூரின் அரசர் நாகர் சிங் 1857-ஆம் ஆண்டுப் போரில் பங்குகொண்டார். 1858 ஜனவரி 9-ஆம் நாள் தில்லியின் சாந்தினி சௌக்கில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவருடைய அரண்மனை வளைவுகளோடும் மாடங்களோடும் இன்னும் நிற்கிறது. கட்டபொம்மனின் கதையைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அம்முற்றத்தில் நின்று நாகர் சிங்கின் கதையையும் சொல்லலாம்.

சாலைக்குக் கிழக்கே, ஓக்லாவில் யமுனையிலிருந்து பிரியும் ஆக்ரா கால்வாய் ஓடுகிறது. அது 1874-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பனிக்காலம் முடிந்து மாசி மாதத்தில் அக்கால்வாய்க்கு அப்பாலுள்ள வயல்களைப் பார்த்தால், கடுகுப் பூவின் மஞ்சள் ஒருபுறமும் கோதுமையின் பசுமை மறுபுறமுமாக விரிந்திருக்கும். இறுதியில் பல்வல். ரௌலட் சட்டத்தை எதிர்த்த நாட்களில், 1919 ஏப்ரலில், பஞ்சாபுக்குள் நுழையக்கூடாது என்று தடுத்து, காந்தியடிகளை ரெயிலிலிருந்து இறக்கியது இவ்வூர் நிலையத்தில்தான். நாம் திரையை இழுத்துவிடும் நிலையங்களுள் அதுவும் ஒன்று.

இரண்டாவது சாலை மலைக்குள் செல்வது. துக்ளகாபாத்திலிருந்து தெற்கே திரும்பினால் சூரஜ்குண்டம். ஆண்டுதோறும் பிப்ரவரியில் இங்கே கைவினைத் திருவிழா நடைபெறுகிறது. 1987-இல் தொடங்கிய அவ்விழாவுக்கு நம்மில் பலர் சென்று, காஞ்சிப் பட்டும் தஞ்சைத் தட்டும் விற்கும் கடைகளின் முன் நின்று பெருமிதம் கொண்டு திரும்பியிருக்கிறோம். ஆனால் விழாவுக்குப் பெயர் தந்த குண்டத்தைப் பார்த்தோமா? பத்தாம் நூற்றாண்டில் தோமர் குலத்து அரசர் சூரஜ்பால் வெட்டியது என்பர். பாதி வட்டமாகப் படிப்படியாக இறங்கும் கற்படிகள். சுற்றிலுமுள்ள குன்றுகளில் பெய்யும் மழை வழிந்து வந்து சேருமாறு அமைந்த நீர்நிலை. அருகிலுள்ள அனங்பூர் கிராமத்தில் அதே குலத்தார் கல்லை அடுக்கிக் கட்டிய அணை ஒன்றும் உள்ளது. தேவையானபோது நீரை வெளியே விடுவதற்கான வழிகளும் அதில் உண்டு. கல்லணையைக் கொண்டாடும் நாம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மற்றொரு மக்கள் மழைநீரைப் போற்றிய திறத்தையும் கண்டு மகிழலாம்.

அங்கிருந்து சிறிது தொலைவில் பட்கல் ஏரி. 1947-இல் அமைந்த செயற்கை ஏரி. ஒரு தலைமுறைக்கு முன்னர், ஞாயிற்றுக்கிழமைகளில் தயிர்ச்சாதமும் புளியோதரையும் கட்டிக்கொண்டு நம் குடும்பங்கள் சென்ற இடம் அது. படகுகள் இருந்தன, பறவைகள் இருந்தன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏரி முற்றிலும் வற்றிவிட்டது. வானம் பொய்த்ததால் மட்டும் வற்றவில்லை. ஏரிக்கு நீர் கொண்டுவந்த ஓடைகளின் குறுக்கே கல் எடுப்போர் ஆழமான குழிகளை வெட்டினார்கள். குழிகள் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கீழே சென்றன. அங்கே ஊறிய நீரை இறைத்து வெளியேற்றினார்கள். மேலிருந்து வரும் நீரும் நின்றது. கீழிருந்து தாங்கும் நீரும் இறங்கியது. இப்போது சுத்திகரித்த கழிவுநீரைக் கொண்டு ஏரியை மீண்டும் நிரப்பும் திட்டம் தொடங்கப்பட்டுள்ளது. அது வெல்லுமாக. ஆனால் மலையின் ஊற்று கண் திறப்பது வேறு. குழாயின் வாய் திறப்பது வேறு.

இக்கல்லும் மணலும் எங்கே போயின என்று கேட்பீர்கள். பதர்பூர் என்ற சொல் தில்லிக் கொத்தனாரின் பேச்சில் ஓர் ஊரை மட்டும் குறிப்பதன்று. கட்டடத்துக்கு வேண்டிய பருமணலையும் குறிக்கும். தலைநகரம் எழுந்ததே இக்குன்றுகளைத் தின்றுதான். நாம் குடியிருக்கும் சுவர்களிலும் அக்குன்றின் பங்கு இருக்கக்கூடும். ஆகவே இதனைச் சொல்லும்போது பிறரைக் குறை கூறுவதாக எண்ண வேண்டாம். நம் வீட்டுக் கணக்கையும் சேர்த்தே பார்க்கிறேன். 2002-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இப்பகுதியில் கல், மணல் எடுப்பதற்குத் தடை விதித்தது. 2009-இல் பரீதாபாத், குருகிராம், மேவாத் ஆகிய மாவட்டங்களின் ஆரவல்லிப் பகுதி முழுவதுக்கும் தடை விரிந்தது. தில்லியின் எல்லைக்குள் பட்டீ என்னுமிடத்துச் சுரங்கங்கள் அதற்கு முன்பே மூடப்பட்டன. இன்று அது அசோலா–பட்டீ வனவிலங்குச் சரணாலயம். வெட்டி விட்ட குழிகளில் தேங்கிய நீர் நீல ஏரியாகக் காட்சி தருகிறது. மயிலும் நீலகாயும் அங்கே நீர் அருந்துகின்றன. சிறுத்தைகள் நடமாடுவதையும் தானியங்கிப் புகைப்படக் கருவிகள் பதிவு செய்துள்ளன. மனிதன் கையை எடுத்துக்கொண்டால் காயம் ஆறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

பட்கலிலிருந்து பாலீ என்ற ஊரை அடைந்து, பரீதாபாத்–குருகிராம் சாலையில் மேற்கே திரும்பலாம். சுமார் அரைமணி நேரம் இருபுறமும் புதர்க்காடு, பாறை, வளைந்து ஏறி இறங்கும் பாதை. இரண்டு பெரிய தொழில் நகரங்களுக்கு நடுவே செல்கிறோம் என்பதையே மறந்துவிடுவோம். வழியில் மிகுதியாகக் காணும் முள்மரத்தைக் கண்டு ராமநாதபுரத்தார் திடுக்கிடுவார்கள். அது நம் சீமைக் கருவேலமேதான். இங்கே அதற்கு விலாயதீ கீகர் என்று பெயர். விலாயதீ என்றாலும் சீமை என்றாலும் பொருள் ஒன்றே. ஆங்கிலேயர் ஆட்சியில் கடல் கடந்து வந்த மரத்துக்கு வடக்கும் தெற்கும் தனித்தனியே ஒரே பெயரை இட்டிருக்கின்றன. ஒரே குற்றச்சாட்டையும் சொல்லுகின்றன. தான் வளர்ந்து பிறவற்றை வளரவிடாது என்பதே அக்குற்றச்சாட்டு.

இம்மலையின் சொந்த மரங்களைக் காண மாங்கர் கிராமத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே மாங்கர் பனீ என்றொரு பள்ளத்தாக்குக் காடு உள்ளது. குதரியா தாஸ் பாபா என்ற துறவி அங்கே வாழ்ந்தார் என்றும், அக்காட்டில் ஒரு குச்சியை ஒடித்தாலும் தீங்கு நேரும் என்றும் சுற்றியுள்ள கூஜர் மக்கள் நம்புகின்றனர். ஆகவே விறகுக்கும் வெட்டுவதில்லை. நம் நாட்டில் ஐயனார் கோயில்காடு என்கிறோமே, அதே முறை. தௌ என்னும் ஆரவல்லியின் தனி மரம் அங்கே அடர்ந்து நிற்கிறது. அரசின் வேலி காக்கத் தவறியதை ஓர் ஊராரின் நம்பிக்கை காத்திருக்கிறது. மாங்கரின் குகைப் பாறைகளில் பழங்கால ஓவியங்களும், அருகில் கற்கருவிகளும் இருப்பதை ஹரியானா மாநிலத் தொல்லியல் துறை 2021-இல் அறிவித்தது. பல்லாவரத்துக் கல்லுக்கு இங்கே ஓர் உறவினர் உண்டு என்று கொள்ளலாம்.

அதே சாலையில் பந்த்வாடீ என்னுமிடத்தில் வேறொரு மலையும் தெரியும். அது குருகிராமும் பரீதாபாத்தும் கொட்டிய குப்பையாலான மலை. அதன் நாற்றம் காருக்குள்ளும் வரும். கண்ணாடியை ஏற்றிக்கொள்ளாமல் அதையும் பாருங்கள். கோடி ஆண்டு மலையும் சில ஆண்டு மலையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் காட்சி, எந்தச் சொற்பொழிவையும்விடத் தெளிவாகப் பேசும்.

மூன்றாவது சாலை முழுநாள் பயணத்துக்குரியது. குருகிராமிலிருந்து தெற்கே சோஹ்னா. கண்ணாடிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாகப் பின்தங்க, இடப்புறம் ஆரவல்லியின் முதுகு நீண்டு கூடவே வரும். சோஹ்னாவில் குன்றின் அடிவாரத்திலே கந்தக வெந்நீர் ஊற்று உள்ளது. தோல் நோய் தீர வேண்டி மக்கள் நெடுங்காலமாக அங்கே நீராடுகின்றனர். அருகே தம்தமா ஏரி; மழைக்காலம் முடிந்ததும் அதன் நீரில் குன்றின் நிழல் விழும் காட்சி மிக இனியது.

சோஹ்னாவுக்குத் தெற்கே மேவாத் நாடு. இன்று நூஹ் மாவட்டம். மேவ் என்னும் முஸ்லிம் உழவர்கள் மிகுதியாக வாழும் பகுதி. 1947 டிசம்பர் 19-ஆம் நாள் காசேரா கிராமத்துக்குக் காந்தியடிகள் வந்து, நாட்டை விட்டுப் போக வேண்டாம் என்று அம்மக்களைக் கேட்டுக்கொண்டார். பலர் அச்சொல்லை நம்பித் தங்கினர். அந்நாளை அவர்கள் இன்றும் மேவாத் தினமாக நினைவுகூர்கின்றனர். நூஹ் வட்டாரத்தில் கிணற்று நீர் உப்புக் கரிக்கும். ஒருகாலத்தில் அந்நீரைக் காய்ச்சி உப்பெடுத்து விற்றார்கள். மலையடிவாரத்துக் கிணறுகளில் மட்டுமே நீர் இனிக்கும். மலைக்கும் நீருக்கும் உள்ள உறவை இங்குள்ள குடமேந்திய பெண்கள் நன்கு அறிவர். கோட்லா கிராமத்தில் மலையின் மடியில் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த மேவாத்துத் தலைவர் பகதூர் நாகரின் கல்லறையும் பழைய பள்ளிவாசலும் உள்ளன. இன்னும் தெற்கே ஃபிரோஸ்பூர் ஜிர்காவில், மலை இடுக்கின் சுனையருகே சிவபெருமான் கோயில் உள்ளது. ஊரின் பெயரிலேயே அந்த ஊற்று கலந்திருக்கிறது.

2018-ஆம் ஆண்டு நீதி ஆயோக் வெளியிட்ட தரவரிசையில் இம்மாவட்டம் கடைசி இடம் பெற்றது. குருகிராமின் கோபுரங்களிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம்தான். இதையும் நாம் காண வேண்டும். 2023-இல் சோஹ்னாவிலிருந்து தௌசா வரை திறக்கப்பட்ட புதிய விரைவுச் சாலை இம்மாவட்டத்தின் ஊடே செல்கிறது. அதில் போனால் விரைவாகப் போகலாம். ஆனால் கோட்லாவும் தெரியாது, காசேராவும் தெரியாது. பழைய சாலையில் செல்க என்பதே என் வேண்டுகோள்.

இத்தகைய நிலங்களைப் பிற நாட்டார் எவ்வாறு போற்றுகின்றனர் என்று பார்ப்பதும் பயன்தரும். ஜெர்மனியின் ரூர் பள்ளத்தாக்கு நிலக்கரிக்கும் எஃகுக்கும் பெயர்பெற்றது. சுரங்கங்கள் மூடத் தொடங்கியபோது அவற்றை இடித்துத் தள்ளாமல், பழைய ஆலைகளையும் தொழிலாளர் குடியிருப்புகளையும் இணைத்துச் சுமார் 400 கிலோமீட்டர் நீளமுள்ள சுற்றுச் சாலையை வகுத்து, 1999-இல் மக்களுக்குத் திறந்தார்கள். தொழிலும் வரலாறே; அதுவும் காணத்தக்கதே என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. பரீதாபாத்தின் அகதிகள் கட்டிய தெருக்களும், முஜேசரின் தூணும், அனங்பூரின் அணையும் சேர்ந்த ஒரு பாதையை யாரேனும் வகுத்துத் தரும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா? நாமே வகுத்துக்கொள்ளலாமே.

காத்திருக்க நேரமும் இல்லை. இக்குன்றுகள் காடா, மனைநிலமா என்ற வழக்கு ஓய்ந்தபாடில்லை. 1900-ஆம் ஆண்டுப் பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ச் சிறப்பு ஆணைகளால் காக்கப்பட்ட நிலம் காடே என்று 2018-லும் 2022-லும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021-ஆம் ஆண்டு சூரஜ்குண்டத்துக்கு அருகே கோரீ என்னும் குடியிருப்பு, காட்டு நிலத்தில் உள்ளதென்று இடிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான எளிய தொழிலாளர் குடும்பங்கள் வீடிழந்தன. காடு காப்பதன் சுமையை ஏழைகள் முதலில் தாங்கினார்கள் என்பதையும் மறக்கலாகாது. 2025 நவம்பரில், சுற்றியுள்ள நிலத்தைவிட 100 மீட்டர் உயர்ந்தவையே ஆரவல்லி மலை என்ற வரையறையை நீதிமன்றம் ஏற்றது. பல மாநிலங்களில் எதிர்ப்பு எழவே, டிசம்பர் இறுதியில் அதனைத் தானே நிறுத்திவைத்தது. அந்த அளவுகோலை வைத்தால், நம் மலை மந்திரின் குன்று மலையே அன்று! உயரத்தை அளக்கும் கோல், நீரைத் தாங்கும் பாறையின் பயனை அளக்காது.

நம் சரோஜினி நகரிலேயே பழைய குடியிருப்புகள் இடிந்து உயர்ந்த அடுக்குகள் எழுகின்றன. 2018-இல் மரங்களை வெட்டும் செய்தி வந்தபோது, மக்கள் திரண்டு மரங்களைத் தழுவி நின்றார்கள். வேம்பின் நிழலில் வளர்ந்தவர்கள் அதனை இழக்க ஒப்பவில்லை. தெரிந்த மரத்துக்காகவே மனம் பதைக்கிறது. பார்த்தறியாத மலைக்காக யார் பதைப்பார்கள்? ஆகவேதான் போய்ப் பாருங்கள் என்கிறேன்.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். ஆவணி, புரட்டாசியில் குன்றுகள் பசுமை போர்த்திருக்கும். மாசி, பங்குனியில் புரசமரம் தழல்போல் பூக்கும். கார்த்திகையில் புகைமூட்டமும், மார்கழி, தை விடியற்காலையில் மூடுபனியும் இருக்கும். அப்போது சாலைப் பயணத்தைத் தவிர்த்தல் நலம். சொந்த வண்டி இல்லாதவர்கள் மெட்ரோ ரெயிலிலேயே பல்லப்கர் வரை செல்லலாம். குடிநீரும் கட்டுச்சோறும் எடுத்துச் செல்க; இலையையும் காகிதத்தையும் திரும்ப எடுத்து வருக. காட்டுக்குள் செல்லும்முன் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்க. மாங்கரில் ஒரு குச்சியையும் ஒடிக்க வேண்டாம்.

ஜாம்ஷெட்பூரில் இருக்கும் நேயர்களுக்கு எஃகு உலைகளுக்கு அப்பால் தல்மா மலை உண்டு. வேறு நகரங்களில் வாழ்வோர்க்கும் அவரவர் ஆலைக்குப் பின்னே ஒரு குன்றோ ஆறோ இருக்கும். பிழைக்க வந்த ஊரைப் பிழைப்புக்கு மட்டும் உரியதாகக் கருதினால் அது என்றும் அயலூராகவே இருக்கும். அதன் மலைக்கும் குளத்துக்கும் பெயர் தெரிந்துவிட்டால் அது நம் ஊராகத் தொடங்கும். அதற்கு ஒரு தீங்கு வரும்போது கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கு வரும்.

அடுத்த முறை ஊரிலிருந்து திரும்பும்போது, பல்வல் கடந்ததும் படுக்கையைச் சுருட்டிவிட்டு, சாளரத்தின் திரையை மட்டும் திறந்து வையுங்கள். மேற்கே, ஆலைக் கூரைகளுக்கு மேலே, மங்கிய நீல நிறத்தில் ஒரு தாழ்ந்த கோடு தெரிகிறதா என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். தெரிந்தால், மலை மந்திரில் நாம் நிற்கும் பாறை அங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.